இரண்டும் இடப்பக்கக் குதிரை

வாயாடி என்றுதான் ஊரே அவளைக் கூப்பிட்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவள். சவுக்கு ஒன்று வண்டியில் செருகியிருக்கும், ஆனால் அவள் கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. சவுக்கு செய்ய வேண்டிய வேலையெல்லாம் அவள் வாயே செய்துவிடும். "அம்மாடி, பள்ளம் வருது பாரு. காலைப் பார்த்து வை. என்ன அவசரம் உனக்கு, அங்க என்ன உனக்கு விருந்தா வச்சிருக்காங்க?" என்று புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை குதிரையோடு பேசிக்கொண்டே போவாள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் பதில் சொல்லி மூக்குடைபடுவது வாடிக்கை.

அவள் குதிரைக்கு செவலை என்று பெயர். நிறத்தை வைத்து வந்த பெயர். பெண் குதிரை, வயதானது, நிதானமானது. முதல் புருஷன் இருந்த காலத்தில் அது ஜோடிக் குதிரையாக இருந்தது. பெரிய வண்டியின் முன்னால் நீளமாக ஒரு மரத்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இடப்பக்கம் ஒரு குதிரை, வலப்பக்கம் ஒரு குதிரை. எந்தப் பக்கம் பழக்கினார்களோ அந்தப் பக்கம்தான் அது ஆயுசுக்கும் நடக்கும். மாற்றிக் கட்டினால் வலது கைக்காரனை இடது கையால் எழுதச் சொன்ன கதைதான். அதனால் குதிரைச் சந்தையில் ஒரு குதிரையைப் பார்த்தால் வண்டிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, வயதென்ன என்றோ பல்லைக் காட்டு என்றோ இருக்காது. எந்தப் பக்கம் என்பதுதான். செவலை இடப்பக்கம்.

ஒரு மழைக்காலத்தில் புருஷன் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு கொழுந்தன்மார் வந்து பெரிய வண்டியையும் வலப்பக்கத்து இளம் குதிரையையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். செவலையைத் தொடவில்லை. அண்ணன் பொண்டாட்டி மேல் வைத்த பரிவெல்லாம் இல்லை; கிழட்டுக் குதிரைக்கு யார் தீனி போடுவது என்றுதான். "இதை நீங்களே வச்சுக்கோங்க அண்ணி" என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெரிய மனசை அவள் கடைசிவரை மறக்கவில்லை, யாரிடம் பேசினாலும் இரண்டு வார்த்தை அதைப் பற்றித் திட்டாமல் விட்டதும் இல்லை.

லாடம் அடிக்கிற கொல்லர் தன் கொட்டகையில் சும்மா கிடந்த ஒற்றைக் குதிரை வண்டியைக் கொடுத்தார். "ஓட்டிப் பாரு தங்கச்சி. முடியலைன்னா திருப்பிக் குடு" என்றார். அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒற்றை வண்டியில் குதிரை நடுவில்தான் நிற்கும், இடம் வலம் என்ற பேச்சே கிடையாது. செவலையும் முரண்டு பிடிக்காமல் இழுத்தது.

மழைக்காலத்தில் அவள் வேலை பெரும்பாலும் சேற்றோடு மல்லுக்கட்டுவது. மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு தூரத்துத் தோட்ட வீடுகளுக்குப் போவாள். பாதி வழியில் சக்கரம் புதைந்தால் மருத்துவச்சியும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ள வேண்டியதுதான். பனிக்காலத்தில் விறகும் உருளைக்கிழங்கு மூட்டையும். விடிந்து வெகுநேரம் வரை எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது; ஆனால் அவள் பேச்சுச் சத்தம் முன்னால் வந்துவிடுவதால் எதிர்வண்டிக்காரர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். கோடையில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கி இரும்புப் பட்டை கழன்று கடகடவென்று ஆடும். வண்டியை ஓடைக்குள் இறக்கிச் சக்கரங்களை ஊறப்போட்டுவிட்டு, கரையில் செவலைக்குப் பக்கத்தில் படுத்து ஒரு தூக்கம் போடுவாள். அறுவடைக்காலம் வந்தால் தூங்க நேரமிருக்காது. இப்படியே சில வருஷங்கள் ஓடின. பொம்பளை என்ன வண்டி ஓட்டுவது என்று முதலில் உதட்டைப் பிதுக்கினவர்கள், பிறகு பீரோவைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கூப்பிட்டார்கள்; பீரோ கீறாமல் போய்ச் சேர வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு மறுகல்யாணம் பேசியது கொல்லரின் பெண்டாட்டி. ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு வண்டிக்காரர் இருந்தார். மனைவி இறந்து சில வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. அதிகம் பேச மாட்டார். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரிடமும் ஒரே ஒரு குதிரைதான், கருப்பன் என்று. மனைவியின் வைத்தியத்துக்காக மற்றதை விற்றுவிட்டார். ஆனால் பெரிய ஜோடி வண்டியை விற்கவில்லை. அது கொட்டகையில் கோழிகள் அடைய நின்றுகொண்டிருந்தது.

"யோசிச்சுப் பாரு. உன்கிட்ட ஒரு குதிரை, அவர்கிட்ட ஒரு குதிரை, ஒரு பெரிய வண்டி. மாவு மில்லுல ஜோடி வண்டிக்குத்தான் வேலை குடுப்பாங்க. ரெண்டு பேரும் தனியா கிடந்து என்னத்தைக் கண்டீங்க?" என்றாள் கொல்லர் பெண்டாட்டி.

"நான் பேசுறதுக்கு அந்த மனுஷன் தாங்குவாரா அண்ணி?"

"அவரு காதுல எதையும் போட்டுக்க மாட்டாரு. உனக்கு இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?"

பெண் பார்க்க வந்தபோது அவர் கொட்டகையில் செவலையையும் பார்த்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததாம். கேட்டால், குதிரைக்காகத்தான் கட்டிக்கொள்ள வந்தான் என்று நினைப்பாளே என்று கூச்சமாம். அவளும் கருப்பனைப் பற்றிக் கேட்கவில்லை. வாயில் போட்டு மெல்லாத விஷயமே இல்லாதவள், அன்றைக்குப் பார்த்து நாகரிகம் பார்த்தாள். வண்டிக்காரர்கள் இரண்டு பேர், சந்தையில் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியதைக் கேட்காமலே கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தவறு வாய்த்திருக்காது.

மழை விட்ட கையோடு கல்யாணம். மறுநாள் காலையில் கோழிகளை விரட்டி, பெரிய வண்டியைத் துடைத்து, வெளியே இழுத்துவிட்டார்கள். கொல்லரும் பெண்டாட்டியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர் கருப்பனைக் கூட்டி வந்தார், அவள் செவலையைக் கூட்டி வந்தாள். இரண்டும் நேராக மரத்தண்டின் இடப்பக்கம் போய் நின்றன. செவலை கருப்பனை முட்டியது. கருப்பன் செவலையை முட்டியது. வலப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுது இடப்பக்கமா?" என்றாள் அவள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொல்லர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேலிக்கழி ஒன்று முறிந்தது. அவர் பெண்டாட்டி, தான் செய்து வைத்த கல்யாணம் அல்லவா, புருஷனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பனிக்காலம் முழுக்க முயற்சி செய்தார்கள். செவலையை வலப்பக்கம் கட்டினால் அது நாலு அடி நடக்கும், பிறகு முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும். அடிக்கவா முடியும்? கொல்லர் அதன் கழுத்தையும் காலையும் தடவிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு தங்கச்சி. இது இனிமே மாறாது. மாறுறதா இருந்தா சின்னதுதான் மாறணும்" என்று கருப்பனைக் காட்டினார். கருப்பன் இளசு, படுத்துக்கொள்ளாது, ஆனால் வலப்பக்கம் கட்டினால் முழு பலத்தையும் போட்டு இடப்பக்கமாகச் சாயும். செவலையை நெருக்கி நெருக்கி வண்டியோடு வாய்க்காலில் கொண்டுபோய்த் தள்ளும். இரண்டு முறை தள்ளியது. இரண்டாம் முறை செவலையின் தோளில் தோல் உரிந்துவிட்டது.

வாயாடி கருப்பனிடம் பேசாத பேச்சில்லை. கொஞ்சினாள், கெஞ்சினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. ஊரிலுள்ள எந்தக் குதிரையையும் பேசியே மசிய வைப்பவள் என்று பேர் வாங்கினவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. குதிரையும் வளர்த்தவனைப்போலவே இருக்கிறது என்று அவருக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள். அவர் வழக்கம்போல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரேயடியாகக் கெட்ட மனிதர் என்றும் சொல்லிவிட முடியாது. அவள் எழுந்திருக்கும் முன் அடுப்பு மூட்டியிருப்பார். செவலையின் தோளுக்கு இரவும் காலையும் மருந்து தடவுவது அவர்தான். ஒற்றை வண்டியை ஆளுக்கொரு நாள் ஓட்டிக்கொண்டார்கள். அவளுடைய நாள் மழையாக இருந்தால் "நான் போறேன், நீ இரு" என்பார். அன்றைய தினத்துக்கு அவர் பேச்சு அவ்வளவுதான். ஆனால் ஒற்றை வண்டியின் வரும்படியில் இரண்டு மனிதர்களும் இரண்டு குதிரைகளும் சாப்பிட முடியாது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

கோடை பிறந்ததும் மில்காரர் வந்தார். வண்டிப் பக்கம் போய்ச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். "அறுவடைக்கு உங்களை எடுத்துக்கறேன். ஆனா ஜோடி வண்டி ஓடணும். மேட்டுப்பாதையில ஒத்தக் குதிரையை நம்பி மூட்டை ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது அவராகவே வாயைத் திறந்தார். "கருப்பனுக்கு ஜோடியா வலப்பக்கத்துக் குதிரை ஒண்ணு பார்க்கணும்."

"சரி."

"செவலையைக் குடுத்தாத்தான் முடியும்."

கருப்பனை மாற்றிக்கொள்ளும் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அந்த வயதில் செவலையை வாங்கிக்கொள்ளப் போவது யார் என்று அவளுக்குத் தெரியாதா? கல் உடைக்கிற குவாரிக்காரர்கள் மட்டும்தான் கிழட்டுக் குதிரை வாங்குவார்கள். கல் வண்டியில் கட்டி, விழும்வரை ஓட்டுவார்கள். "அறுப்பு தொடங்கறவரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

வண்டிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் குட்டியில் பழக்கும்போதே ஒரு சொல் வைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால்தான் அது முழு மனதோடு கேட்கும். வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல் தெரிந்தவன் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் இல்லையா? செவலைக்கும் அப்படி ஒன்று இருந்தது. முதல் புருஷன் வைத்த சொல். அதை அவள் இவரிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை மாதத்துக்குப் பிறகும் மனசு வரவில்லை.

ஓடையில் சக்கரம் ஊறப்போட்டுக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், துணி துவைக்க வந்த கொல்லர் பெண்டாட்டி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அந்தக் கருப்பனைக் குட்டியிலேருந்து வளர்த்தது அவரில்லை. செத்துப்போன அந்த அக்காதான். தாய் இல்லாத குட்டி. புட்டியில பால் குடுத்து வளர்த்தா. அவ ஏதோ சொல்லுவா, உடனே அது இப்படி வலதுபக்கமா ஒதுங்கி வழிவிடும். நானே பார்த்திருக்கேன்."

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன சொல்லுவா?"

"காதுகிட்டப் போய்ச் சொல்லுவா. யாருக்குத் தெரியும்? அவரைக் கேளு."

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். அவர் கையில் வைத்திருந்த கடிவாளத்தை ஆணியில் மாட்டினார், திரும்பக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "அதெல்லாம் மறந்துபோச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரலை, என் குதிரையைக் கல் சுமக்க அனுப்ப மட்டும் வாய் வருது. சரி, நான் சொல்றேன் கேட்டுக்கோங்க. செவலைக்கு 'கிளம்பு மகராசி'ன்னு சொல்லணும். சொல்லி நாக்கை ரெண்டு தடவை சொடுக்கணும். என் மொத புருஷன் வச்சது. இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. இந்தாங்க, வச்சுக்கோங்க!" சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய் அழுதாள். செவலைக்காகக் கொஞ்சம் அழுதாள். மற்றதெல்லாம் தனக்காக. செத்தவள் பேச்சை அவர் இப்படிப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறாரே, இந்த வீட்டில் தனக்கு இடம் எங்கே என்று அழுதாள். அவர் வெளியே நின்றதும் தெரியும், போய்விட்டதும் தெரியும்.

கதிர் பழுத்தது. வயல்களில் அரிவாள் இறங்கியது. கேட்ட கெடு முடிந்துவிட்டது. குதிரைத் தரகர் ஒரு காலையில் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். கொல்லரும் வந்திருந்தார், லாடத்தைக் கழற்றிக் கொடுக்க. விற்கிற குதிரையை லாடமில்லாமல்தான் கொடுப்பார்கள்.

வாயாடி விடியும்போதே எழுந்து செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். பிடரி மயிரைச் சீவிவிட்டிருந்தாள். கூட்டி வந்து தரகர் முன்னால் நிறுத்தினாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கொல்லர், "தங்கச்சி..." என்று இழுத்தார். பதில் இல்லை. தரகரே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், "நல்லா வச்சிருக்கியேம்மா" என்றார். அதற்கும் இல்லை. செவலை காதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம் திடீரென்று நின்றுபோனால் அதற்கு என்ன புரியும்? தலையைக் கொண்டுவந்து அவள் தோளில் இடித்தது.

தரகர் கயிற்றை எடுத்துச் செவலையின் கழுத்தில் போட்டார்.

"இரு" என்றார் வண்டிக்காரர்.

அவர் சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. தரகர் கயிற்றை விட்டுவிட்டார். வண்டிக்காரர் கொட்டகைக்குள் போய்க் கருப்பனைக் கூட்டி வந்தார். சேணம் பூட்டினார். செவலையின் கழுத்துக் கயிற்றைத் தானே கழற்றி, குதிரையைப் பெரிய வண்டியின் இடப்பக்கம் கட்டினார். கருப்பனை வலப்பக்கம் கொண்டுபோனார். அது வழக்கம்போல் உடம்பைச் சாய்த்துச் செவலையை நெருக்கியது. அவர் அதன் காதருகே குனிந்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

நிமிர்ந்து மனைவியிடம் வந்தார். "என் வாயில வரலை. நீ சொல்லு."

"எதைச் சொல்ல?" அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் தரகரைப் பார்த்தார், கொல்லரைப் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்து சொன்னார். சொல்லும்போது அந்த வயதில் அவர் முகம் வெட்கத்தில் கன்றிப்போனது.

"எல்லாருக்கும் அவ ஒரே பேச்சுதான். எனக்கும் அதான், அதுக்கும் அதான்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

வாயாடிக்கு முதலில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. இதைத்தானா இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்று நினைத்தாள். அந்தச் செத்துப்போன பெண்ணை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது. பெருத்த உடம்போ ஒல்லியோ தெரியாது; விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்து, தூங்குகிற புருஷனை இடித்து இடம் கேட்கிற ஒருத்தி. காலையில் தீவனக் கூடையோடு கொட்டகைக்குள் போய்க் குதிரையிடமும் அதையே கேட்கிறவள்.

அவள் கருப்பனிடம் போனாள். காதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"தள்ளிப் படுய்யா."

கருப்பன் தலையைத் தூக்கியது. காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. ஒரு கணம் அசையாமல் நின்றது, யார் சொன்னது என்று பார்ப்பதுபோல. பிறகு வலப்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்து, இன்னொரு அடி எடுத்து வைத்து, செவலைக்கு இடம் விட்டு நேராக நின்றது.

கொல்லர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தரகர்தான், "இதுக்கா என்னை அவ்வளவு தூரத்திலேருந்து வரச் சொன்னீங்க?" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்துப் போனார்.

மில்காரரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று அப்போதே புறப்பட்டார்கள். லகானை அவர் எடுக்கவில்லை, அவளிடமே நீட்டினார். சொல்ல வேண்டியவள் அவள் என்றால் ஓட்ட வேண்டியவளும் அவள்தானே. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் "கிளம்பு மகராசி" என்று நாக்கைச் சொடுக்க, செவலை இழுத்தது, கருப்பனும் கூட இழுத்தது. அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ கையை ஆட்டினார்கள்.

வழியெல்லாம் கருப்பனுக்குப் பழைய புத்தி வந்துகொண்டேயிருந்தது. வாய்க்கால் பக்கம் ஒரு தடவை, மேடு ஏறும்போது ஒரு தடவை, மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் விடாமல் சொன்னாள்.

"தள்ளிப் படுய்யா."

கருப்பன் ஒதுங்கியது. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோதான் அவள் கவனித்தாள். அவள் சொல்கிற ஒவ்வொரு முறையும், பாதையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும், தனக்கே தெரியாமல், பலகையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டிருந்தார். பலகையின் விளிம்புக்கே வந்துவிட்டார். இன்னொரு தடவை சொன்னால் கீழே விழுந்துவிடுவார்.

அவள் லகானை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்தாள்.